செட்டில்

“பழைய கார்டு கடன் செட்டில்டுன்னு காட்டுதே, தம்பி” என்றார் வீட்டுக் கடன் ஆபீசர் நரசிம்மன்.

இசக்கிபாண்டிக்கு முகமெல்லாம் பல். “ஆமா சார். போன வருசமே செட்டில் பண்ணியாச்சு.”

அவன் ஊர்ப்பக்கம் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மவுசே தனி. வேலை கிடைத்தால் கால்வாசி செட்டில். கல்யாணம் ஆனால் அரைவாசி. சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட்டால் முழுசாக செட்டில். அதற்கப்புறம் ஊரில் எவனும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

அந்த முழுசுக்காகத்தான் ஒரகடத்தில் காலை ஷிப்ட் முடிந்த கையோடு, கம்பெனி சட்டையைக்கூட மாற்றாமல், ஸ்ரீபெரும்புதூரில் இந்த மாடிப்படி ஏறியிருந்தான். மனைவி கவியா கீழே நின்றாள். தலை நிறைய கனகாம்பரம், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, கையில் கற்கண்டுப் பொட்டலம். லோன் கையெழுத்தானதும் ஆபீசருக்குக் கொடுக்க.

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைக்காரன் கண்ணாடியைத் துடைத்தால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். ஆபீசர் துடைத்தால் கடையையே சாத்தப்போகிறார்.

முழுசாகக் கட்டி முடித்த கடனுக்கு ‘க்ளோஸ்டு’ என்று பெயராம். குறைத்துப் பேசி முடித்ததற்குத்தான் ‘செட்டில்டு’. வாங்கியதைத் திருப்பித் தர வக்கில்லாத ஆள், வந்தவரை லாபம் என்று பேங்க் கைகழுவிய ஆள் என்று அதற்குப் பொருளாம். எந்த பேங்க் வாசலை மிதித்தாலும் அவனுக்கு முன்னால் அந்தச் சொல் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வருடக்கணக்கில்.

இசக்கிபாண்டியின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

கம்பெனி வாசலில் குடை நட்டு, பேனா ஒன்றும் இலவசமாகக் கொடுத்துத் தலையில் கட்டிய கிரெடிட் கார்டு அது. அம்மாவின் ஆபரேஷனுக்குத் தேய்த்தான். பிறகு கான்ட்ராக்ட் முடிந்து ஐந்து மாதம் சும்மா கிடந்தபோது வட்டி குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டு, அறுபத்திரண்டாயிரத்தில் வந்து நின்றது. கல்யாணமாகி மூன்றாம் மாதமே வசூல்காரர் எல்லப்பன் ரூம் வாசலில் பைக்கைச் சாய்த்து நிறுத்த ஆரம்பித்தார்.

ஆனால் இசக்கிபாண்டி யார்? மேலப்பாளையம் சந்தையில், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை பேசுகிற தரகரின் மகன்.

டீக்கடையில் எல்லப்பனை உட்காரவைத்து, கம்பெனித் தொப்பிக்கு அடியில் அவர் கையைப் பிடித்து, இரண்டு விரலை அழுத்தினான். அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, ‘இன்னாபா இது அசிங்கமா’ என்றார். சரி என்று வாயாலேயே பேசினான். மூன்று டீ, இரண்டு சமோசா. அறுபத்திரண்டு இருபத்திரண்டில் வந்து படிந்தது.

“முழுசா கட்டிடுபா, அதான் ஒனக்கு நல்லது” என்று எல்லப்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இசக்கிபாண்டி உள்ளுக்குள் சிரித்தான். விற்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

அப்பாவுக்கு மட்டும் போனில் சொன்னான். பேங்க்காரனையே மடக்கிட்டியேல என்று அவர் மூக்கை உறிஞ்சியது இந்தப் பக்கம் வரை கேட்டது.

நரசிம்மன் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். “அப்ப கைல காசில்லாமதான செட்டில்மென்ட்டுக்குப் போனீங்க?”

இசக்கிபாண்டி மேஜைக் கண்ணாடியில் தெரிந்த மின்விசிறியைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

“பாவம்தான். ஆனா சிஸ்டத்துக்குப் பாவம் பாக்கத் தெரியாது. அவங்க விட்டுக் குடுத்த நாப்பதையும் கட்டி, க்ளோஸ்டுன்னு மாத்திட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்.”

நாற்பதாயிரம் இருந்தது. திருமலையிடம் இருந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடுகள் விற்கிற திருமலைக்கு அட்வான்ஸாகப் போன பணம். ஓவர்டைம் பாக்கி வந்ததாகச் சொல்லி இசக்கிபாண்டி அதைக் கொண்டுவந்தபோது, இப்படி மாடாய் உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கவியா ஒரு மாதம் தினமும் அவனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

இந்த மாதத்துக்குள் லோன் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. எழுத்தில் இருந்தது.

கீழே திருமலை பைக் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். கவியாவின் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனான்.

“அண்ணாச்சி, பாதியாவது குடுங்க.”

திருமலை அடுத்த பல்லுக்குப் போனார்.

“கால்வாசி.”

“இன்னா நைனா, இது இன்னா மாட்டுச் சந்தையா? படிச்சுப் பாத்துதான கையெழுத்து போட்டே.”

சொன்னவருக்கு அவன் பரம்பரை தெரியாது. சும்மா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு பைக்கை உதைத்துப் போய்விட்டார். புகை கலையும்வரை இசக்கிபாண்டி அங்கேயே நின்றான். ஒரு ரூபாய்கூட இறங்காத ஆளை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

கவியா பக்கத்தில் வந்தாள். பொட்டலத்தின் நூலை ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருந்தாள்.

“என்ன சொன்னாவ?”

“பழைய கார்டு கடன் இடிக்குதாம்.”

அவளுக்கு விளங்கவில்லை. வேறு யாருடைய கணக்கையோ மாற்றிப் பார்த்துவிட்டார்கள் என்கிற மாதிரி மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அவனுக்குத் தைரியம் சொல்கிற குரலில் கேட்டாள்.

“அது எப்படி இடிக்கும்? எஞ் செயின வித்த அறுபத்திரண்டையும் அன்னைக்கே நீங்கதான கொண்டுபோயி முழுசா கெட்டுனிய?”