நூற்றியோராவது இடம்

அமெரிக்கக் கால்பந்தின் எக்காலத்துக்குமான தலைசிறந்த நூறு வீரர்களுக்கு மட்டும்தான் கணினியில் மூளையின் நகலை வைத்திருப்பார்கள். என் கணவர் கபிலன் இன்று காலை நூற்றியோராவது இடத்துக்கு இறங்கிவிட்டார். ஐந்து மணிக்கு அவர் நகலை அழித்துவிடுவார்கள்.

மைதானத்தில் தலை மோதி மோதி எல்லாவற்றையும் மறந்துபோனவர் அவர். திரையில் அந்த நகல் பேச்சுக் கொடுத்தால்தான் வாய் திறந்து சாப்பிடுவார். நான் ஊட்டினால் துப்பிவிடுவார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சோற்றுத் தட்டோடு கபிலன் பக்கத்தில், திரைமுன் நின்று நகலிடம் கெஞ்சினேன்.

“இனிமே நான் ஊட்டினாலும் சாப்பிடணும்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.”

இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில் எடுத்த நகல் அது; அதன்பிறகு நடந்த எதுவும் அதில் பதியாது.

“சொல்றேங்க. நீங்க யாருன்னு சொல்ல?”

“பொண்டாட்டின்னு சொல்லுங்க.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேங்க,” என்றது.

கபிலன் வாயை இறுக மூடிக்கொண்டார்.