ஓடைக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவே

"இந்த ஊலாம் கிழவனுக்கு எத்தனை நாக்கு? இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

தப்புவா ஊர்வாசலில் தாகான் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த கழுதைகூட மிரண்டது.

கோத்திர எல்லைகளை எழுதிப்போகச் சீலோவிலிருந்து வந்திருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா சங்கதி?"

"ஊர் எங்களுது, எப்பிராயீம் கோத்திரத்துது. சுத்தியிருக்கிற நிலம் மனாசேக்காரனுது. நடுவுல ஒரு ஒலிவத் தோப்பு. எல்லை ஓடைன்னா தோப்பு எங்களுக்கு, எல்லைக்கல்லுன்னா அவனுங்களுக்கு. இவரு எங்ககிட்ட ஓடைங்கறாரு, அவனுங்ககிட்ட கல்லுங்கறாரு!"

சீட்டுப் போட்டு நாடு பங்கிட்டபோது அளவுநூல் பிடித்தவர்களில் மிஞ்சியிருப்பவர் ஊலாம் ஒருவர்தான். வழக்குத் தீரும்வரை எந்தக் கோத்திரமும் காய் உதிர்க்க அந்த மரங்களில் கோல் ஓங்கக் கூடாது என்று கட்டளை போட்டவரும் அவரே. வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

"ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னுட்டு இழுத்தடிக்கிறாருய்யா! நரம்பில்லாத நாக்கு எப்படி வேணா வளையும். கர்த்தர் குடுத்த நிலம், ஒரு சாண் விடமாட்டேன்!"

கூட்டம் தலையாட்டியது.

"பெரியவரே, ஓடையா, கல்லா?" என்றார் எழுத்தர்.

ஊலாம் தாடியைச் சொறிந்தார். "வயசாச்சுய்யா. ஒரு நாள் ஓடைன்னு ஞாபகம் வருது, ஒரு நாள் கல்லுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தருக்குப் பொறுமை போயிற்று. இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போகவேண்டும்.

"மறதிக்காரர் சாட்சி செல்லாது. மனாசே பக்கத்து ஆளும் வரல. எல்லை ஓடைதான். தாகான், தோப்பு உன் பங்கோட சேரும்."

தாகானுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பவே வேலி போடறேன்!"

"முதல்ல அங்க காய் பொறுக்கிட்டிருக்கிற பொம்பளையை வெளியே அனுப்பு. யாரது?"

தாகான் திரும்பிப் பார்த்தான். தோப்பில் கூடையும் கையுமாய் நின்றவள் சேராள். அவன் அண்ணன் மனைவி. பிள்ளையில்லாமல் அண்ணன் செத்தபோது நிலத்தைச் சேர்த்துக்கொண்டான், அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"வழக்குல கிடக்கிற தோப்புதானே, இல்லாதவங்க பொறுக்கிக்கட்டும்னு விட்டிருந்தேன்யா," என்றார் ஊலாம். "இப்பத்தான் சொந்தக்காரன் வந்தாச்சே. தாகான், உன் அண்ணிதானே, நீயே போய்ச் சொல்லிடு."

கூட்டம் மொத்தமும் அவனைப் பார்த்தது. தாகான் கூசிப்போனான்.

"ஐயா..." எழுத்தர் பக்கம் திரும்பினான். "பெரியவர் சொன்னதுல தப்பில்ல. எல்லை ஓடையும்தான், கல்லும்தான். ரெண்டையும் எழுதிக்கோங்க. தோப்பு வழக்குலயே கிடக்கட்டும்."

"அதெப்படிய்யா? பின்னால படிக்கிறவன், எழுதினவனுக்குப் புத்தியில்லைம்பானே!"

"ரெண்டும்தான்யா, எழுதுங்க," என்றார் ஊலாம். "எனக்கும் இப்பத்தான் நல்லா ஞாபகம் வருது."