பதினேழு கோடுகள்

ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர்களுக்கு உதவும் அறக்கட்டளையில் பரிமளாதான் பதிவேடு எழுதுகிறாள். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் போன் போடுவாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், மூச்சுக்குத் திண்டாடுகிற ஆள்கூட "பரவால்லம்மா" என்றுதான் சொல்வார். அதனால் அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே, நடுவில் வரும் இருமலை எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுவாள்.

இன்று பதிவேட்டில் அடுத்த பெயரான இருளப்பனுக்குப் போட்டபோது அவர் மனைவி போனை எடுத்தாள். மழை, ரேஷன் கடை என்று பரிமளா வழக்கம்போல் அளந்தாள். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும் கொட்டினாள். பக்கத்தில் இருமல் ஓயவேயில்லை. பதினேழு கோடுகள் விழுந்தன.

"போன மாசத்தைவிட ஜாஸ்தியா இருமுறாரேக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"யாரம்மா? அவரு போயி ஒம்போது நாளாச்சு."

பேனா நின்றது. "அப்ப அங்க இருமுறது யாருக்கா?"

"இங்க நான் மட்டுந்தானே இருக்கேன். உங்க ஆபீஸ்லதான் யாரோ இருமுறாங்கன்னு நெனச்சேன், பாவம்."

அறையில் வேறு யாரும் இல்லை. தான்தான் இருமுகிறோமோ என்று பரிமளா கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

பதினெட்டாவது கேட்டது.