பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது; பதினோராவதில்தான் கல்யாணம் தட்டி நின்றது. மாப்பிள்ளை இளம்பரிதியின் வீட்டுக்கு வெள்ளம் கணிக்கும் செயலி போட்டிருந்த ஆபத்து மதிப்பெண் நூற்றுக்கு எண்பத்தெட்டு.

"நம்ம வீட்டுக்கு வெறும் பன்னிரண்டு. தெரிஞ்சே உன்னைத் தண்ணிக்குள்ள தள்ளுவேனா?" என்றார் பெண்ணின் அப்பா தண்டபாணி.

"அவங்க வீடு மூணு வாசல் தள்ளித்தானேப்பா இருக்கு?" என்றாள் நிறைமதி. "அவரோட அம்மா ஒவ்வொரு மழைக்கும் தண்ணி நிக்கிறதைப் படம் எடுத்துச் செயலிக்கு அனுப்புறாங்க. செயலி அதைப் பார்த்துத்தான் கத்துக்குது. நாம ஒரு தடவையாவது அனுப்பினோமா?"

"அனுப்பினா உனக்கு வரன் வருமா?"

"வந்த வரனைத்தான் விரட்டுறீங்களே!"

சமையலறையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

நிறைமதி ஃபோனை எடுத்தாள். போன ஐப்பசியில், இதே கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி டி.வி.யை அப்பா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த படம் அதில் இருந்தது. அவர் எட்டிப் பிடுங்குவதற்குள் செயலிக்கு அனுப்பிவிட்டாள். ஒரே நிமிடத்தில் புதிய மதிப்பெண் வந்தது.

"எண்பத்தொன்பதுப்பா," என்று ஃபோனை அவர் முன்னால் வைத்தாள். "இனி யோசிக்க வேண்டியவங்க அவங்கதான். சட்டையை மாட்டுங்க, நாமளே போய்ச் சம்மதம் கேட்போம்."