ஐந்தாவது கேள்வி

தம்பி புல்லில் மல்லாந்து கிடந்தான். மருந்துப் பையோடு ஓடிப்போய் அவன் தலைமாட்டில் மண்டியிட்டேன்.

பந்தோடு ஓடி வந்த எதிரணிக்காரன் ஒருவனை இடுப்பில் பிடித்துச் சாய்க்கப் பாய்ந்திருக்கிறான். அந்த ஆளின் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது.

நான் அணியின் பிசியோதெரபிஸ்ட். அவன் கேப்டன். அக்கா தம்பி எல்லாம் வீட்டோடு சரி என்று விமானம் ஏறும்போதே பேசி வைத்திருந்தோம்.

ரக்பியில் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும் நாடுகளுக்கென்று நடக்கிற சின்னப் போட்டி இது. பெரிய அணிகள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எங்கள் தெருவிலேயே ரக்பி என்றால், "அது செருப்பு கம்பெனிதானே?" என்று கேட்டவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி.

அதற்குள் இவன் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுமில்லக்கா, நகரு."

"பதில் சொல்லு, நகர்றேன்."

தலையில் அடிபட்டவனிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்றில் பிசகினாலும் அவன் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவன் வந்தவன்தான், அன்றைக்குத் திரும்ப உள்ளே போக முடியாது.

இது அணியில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பையன்கள் அறையில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒருவன் மணிக்கட்டுப் பிளாஸ்திரியில் மைதானத்தின் பெயரையே எழுதி வைத்திருந்து என்னிடம் மாட்டிக்கொண்டான்.

எந்த மைதானம் என்று கேட்டேன். சொன்னான். முதல் பாதியா, இரண்டாம் பாதியா? இரண்டாம் பாதி. கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? நம்ம லாரி டிரைவர், இடது மூலையில்.

கோச் கோட்டோரம் வரை வந்து, ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

போன ஆட்டம் யாரோடு? பச்சைச் சட்டைக்காரர்களோடு. அதுவும் சரி.

அப்போது எதிரணிக் கூட்டம் மேளத்தைத் தட்ட ஆரம்பித்தது. நான் குனிந்து அவன் காதருகே ஐந்தாவதைக் கேட்டேன்.

"அதுல ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம். விடுக்கா, நேரமாகுது."

நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். இவன் வெளியே வருகிறான், மாற்று ஆளை அனுப்புங்கள் என்று அர்த்தம்.

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். சின்ன வயதில் நான் அவன் பட்டத்தைக் கிழித்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கோச்சுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட், பேசத் தெரிந்த மனிதர். அவருக்கே வார்த்தை தடுமாறியது.

"எல்லாத்துக்கும் கரெக்டாதானே சொன்னான்! வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சிட்டீங்களேம்மா!"

தலையில் அடி, இனிமேல் அவன் ஆடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அவன் காதுபடச் சொல்ல மனம் வரவில்லை. கோச் காறித் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பியை உட்கார வைத்தேன். ஓடப் பார்த்தான். இழுத்து உட்கார வைத்தேன். மறுபடியும் எழுந்தான். வேறு வழி தெரியாமல் அவன் வலது பூட்ஸின் முடிச்சை அவிழ்த்து, கழற்றி, என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று பல்லைக் கடித்தான்.

எனக்கும் ஆத்திரம்தான். அவன் மேலா, அந்த முழங்கால்காரன் மேலா, விதியை எழுதியவன் மேலா என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கும் இன்றைக்கு நான்தான் வில்லி. தோற்றுவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை, ஏன் சாகும்வரை, என் பெயரைத்தான் சொல்வார்கள்.

எதிரணி எங்கள் கோட்டருகே வந்துவிட்டது. முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பார்க்கத் தைரியம் இல்லை. தம்பியின் கண்மணிகளில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் கையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தான்.

மேளம் சட்டென்று நின்றது.

நீளமாக விசில்.

திரும்பினால், பந்து எங்கள் பேக்கரிக்காரரின் வயிற்றுக்கு அடியில் கிடந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை, குப்புறப் படுத்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். லாரி டிரைவர் கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கோச் உள்ளே ஓடினவர் பாதி வழியிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்று அவர்களையே பார்த்தான். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. புரியாமல் விழித்தான்.

"என்னக்கா இவனுங்க? என்னமோ இன்னிக்குத்தான் முதல் தடவையா ஜெயிச்ச மாதிரி அழறானுங்க?"

அணி தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் கேப்டன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பஸ்ஸில் சீட் சீட்டாகப் போய் எல்லோரையும் தட்டிக்கொடுத்தவன். ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் வருடா வருடம் தவணை வாங்கியவன்.

ஆம்புலன்ஸைப் பார்த்து வேகமாகக் கையசைத்தேன்.