பட்டாளத்துக்குச் சாயா

நேசம்மாள் தூக்குவாளியில் சாயா ஊற்றுகிறாள். பட்டாளத்துக்காரர்களுக்கு.

அதுவும் பால் சாயா. கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிறவர்களுக்கே கட்டன்சாயா கொடுத்து, சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற கை அது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். காய்ந்த துணிதான்.

கிழக்கே தென்னந்தோப்பில் ராடார் வண்டி வந்து மாசம் ஒன்றாகிறது. பெரிய லாரி. அதன் முதுகில் கதவு மாதிரி ஒரு தட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகாயத்தில் எவன் வருகிறான், எவன் போகிறான் என்று பார்க்கிறதாம். அதற்கு இவ்வளவு பெரிய லாரி எதற்கு? ஒரு மதில் போதாதா?

அது வந்த அன்றைக்கே நேசம்மாள் தன் மகள் பிரீனாவைக் கருங்கலுக்கு அனுப்பிவிட்டாள். பிரீனா பிள்ளைத்தாய்ச்சி. அங்கே நல்ல டாக்டரம்மா இருக்கிறார் என்று வீட்டில் சொன்னாள். மதிலுக்கு மேல் என்னிடம் சொன்னது வேறு: ராடார் கதிர் பட்டால் கரு தங்காது. எந்த வாட்ஸ்அப்பில் வந்ததோ. வண்டியைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே நின்றால் ஒன்றும் ஆகாது என்று அங்கிருந்த ஆபீசர் சொல்லிப் பார்த்தார். நேசம்மாளிடமா?

சாயா தொடங்கியது இந்தத் திங்கட்கிழமை. கொண்டுபோவது மருமகள் நந்தனா.

மகன் ஜெப்சன் லீவு முடிந்து இப்போதுதான் மஸ்கட்டுக்குத் திரும்பினான். அம்மா பார்த்த பெண்ணை வேண்டாமென்று அவனே பார்த்துக் கட்டியவள் இவள். மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை. அடுத்த லீவுக்கும் இப்படியே இருந்தால் அவளை அவள் வீட்டில் கொண்டு விட்டுவிடுவதாகப் பேச்சு. நேசம்மாள் இதைப் பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகவே கொடுத்திருக்கிறாள். பிள்ளை உண்டாகவா, உண்டாகாமல் இருக்கவா என்று கர்த்தர்தான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நந்தனா வாளியோடு நடை இறங்கினாள். என் மதிலைப் பிடித்துக் குனிந்தாள். ஓங்கரித்தாள்.

"ஏட்டி, என்னட்டி? பித்தமா?"

வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு மாசம் யக்கா. ஞாயித்துக்கிழம சர்ச் விட்டு வந்ததும் மாமிட்ட மட்டும் சொன்னேன். மூணு மாசம் தெகையட்டும், அதுவர ஜெப்சன்ட்ட கூட சொல்லாதேன்னு சொல்லியிருக்காவ."

நான் கிழக்கே தோப்பைப் பார்த்தேன், தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து நேசம்மாளின் குரல் வந்தது. சாயாவுக்குப் போட்டது போக மிச்சச் சீனியெல்லாம் அதில் இருந்தது.

"மக்கா, வேலிய ஒட்டியே நில்லு. அவனுவ குடிச்சு முடிச்ச பொறவு தம்ளர வாங்கிட்டு வந்தா போதும். அவசரமில்ல."

நந்தனா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"கேட்டியளா யக்கா? ஞாயித்துக்கிழமையில இருந்து மாமி என்னய மக்கான்னுதான் கூப்பிடுதாவ."