ஒயரைக் கவ்வும் கருவி

“எங்க கரண்டத் திருடற பக்கத்து வீட்டுக்காரி கையும் களவுமா மாட்டணும். அதுக்கு எது தோதோ அதக் குடுங்க” என்றாள் அவள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு கருவிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று பிளக்கில் செருகுவது. அந்த ஒரு சாமான் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று மட்டும் சொல்லும். மற்றது மெயின் ஒயரைக் கவ்விக்கொள்வது. வீடு மொத்தமும் எந்த மணிக்கு எவ்வளவு இழுக்கிறது என்று போனில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

விலையைக் கேட்டதும் அவள் கை பிளக்கில் செருகுவதன் பக்கம் நகர்ந்தது. கூட வந்திருந்த அவள் தம்பி அதைத் தள்ளி வைத்தான்.

“இத வெச்சு ஃப்ரிட்ஜுக்கு நாடி பாக்கலாம், திருடியப் பிடிக்க முடியாது. கவ்வுறத எடு அக்கா. பாதிக் காசு நான் போடறேன்.”

அவள் புருஷன் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து தம்பியே போர்டைத் திறந்து மாட்டினான். “உனக்கு இதெல்லாம் பாக்க வராது” என்று அந்தக் கோடு தன் போனிலும் தெரியும்படி ஏற்றிக்கொண்டான். “மாமாகிட்ட மூச்சு விடாத. அவர் வாயில எதுவும் நிக்காது, அந்தம்மா உஷாராயிடும்.”

அவள் புருஷன் வெல்டர். ஆறு மாதத்துக்கு முன் தொழிற்சாலையில் இரும்புத் தூண் சரிந்து அவர் இடுப்பை ஒடித்துப் போட்டது. எழுந்து நடக்கும்வரை பாதிச் சம்பளம் வரும், வேலையும் அவர் பேரிலேயே இருக்கும். வீட்டில் படுத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டளை. அவள் துணி தேய்த்துக் கொண்டுவரும் கூலி வாடகைக்கே பத்தாது. அந்த வேலை போனால் குடும்பம் தெருவில்.

தம்பியும் அதே தொழிற்சாலைதான். நாலு வருடமாக வெல்டர்களுக்குக் கம்பி எடுத்துக் கொடுக்கும் தினக்கூலி.

ஒரு வாரம் கழித்து இருவரும் போனைப் பார்த்தார்கள். காலை பத்து மணிக்குக் கோடு சரேலென்று ஏறியது. ஒரு நிமிடம் நின்றது, இறங்கியது, மறுபடி ஏறியது. பன்னிரண்டு வரை ரம்பத்துப் பல் மாதிரி அதே கதை.

“என்னடா இது? அந்நேரம் உங்க மாமா தூங்குற நேரமாச்சே?”

தம்பி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தான். “மோட்டாரு அக்கா. அந்தம்மா மோட்டார்தான் விட்டு விட்டு ஓடுது.”

“போய்க் கேக்கட்டுமா?”

“நல்லாக் கேளு. மாமாவ மட்டும் நடுவுல இழுக்காத.”

கேட்டாள். தெரு கூடும்படி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“யாருடி திருடி? நீ அந்தாண்ட போனதும் உன் புருஷன் அடிக்கிற கூத்த நான் வாயத் திறந்தேன்னா நாறிப்போயிடும்!”

எவளாவது வந்து போகிறாளோ என்று அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. கட்டிலில் கிடந்த வெல்டரின் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. “தூக்கமே இல்ல புள்ள” என்றார். அந்த நினைப்போடே அவளே கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

அடுத்த மாதம் தொழிற்சாலையிலிருந்து இருவரையும் வரச் சொன்னார்கள். அதிகாரி தலை நிமிராமல், தேதியும் மணியும் போட்ட, கையெழுத்தில்லாத ஒரு தாளைப் படித்தார். “இருபத்து மூணு நாள். தினமும் பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வீட்டுல வெல்டிங் அடிச்சிருக்கீங்க. எங்ககிட்ட படுத்த படுக்கைன்னு சம்பளம்.”

“இல்லேன்னு சொல்லுங்களேன்!” என்று அவள் அவர் தோளை உலுக்கினாள்.

வெல்டர் அவள் பக்கம் திரும்பினார். “வாடகை மிஷின வெச்சு, ஸ்டூல்ல உக்காந்துதான் ஜன்னல் கம்பி ஒட்டினேன்” என்றார் அவளிடம். “நீ அரை வயித்தோட வேலைக்குப் போவ, நான் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணுமா?”

வெல்டிங் வெளிச்சம் பட்டுச் சிவந்து, தன் கையால் மருந்து விட்ட கண்கள். அத்தனை நாளும் தன்னைப் பார்த்துப் பொய் சொன்ன கண்கள். அவளுக்கு அவரை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை.

வேலை போனது. கைத்தாங்கலாக அவரைக் கூட்டிவந்து கட்டிலில் சாய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நாள் எண்ணி, மணி எண்ணி, மொட்டைக் கடுதாசி போட்டது யார் என்று அவளுக்கா தெரியாது? நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

“வெளிய வாடி! எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?”

பின்னாலிருந்து யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். தம்பி. மடிப்புக் கலையாத புது வெல்டர் சீருடையில் நின்றான்.

“அவங்கள ஏன்க்கா திட்டற?” என்றான் மெதுவாக. “மாமா வேல எங்கயும் போயிடல, எனக்குத்தான் குடுத்திருக்காங்க.”